உதடு மரத்துப்போச்சா?

பல் வண்டி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். ஒரே ஒரு பகல் நிற்கும். அதற்குள் சொத்தையைப் பார்த்து, அடைக்க வேண்டியதை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, தப்பித்த பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தத் திட்டத்தை உட்கார்ந்து யோசித்த புண்ணியவான்கள் ஆறு வயதுப் பிள்ளையின் வாயைக் கெஞ்சித் திறக்கவைத்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. பார்த்திருந்தால் வண்டியை ஒரு வாரமாவது நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

இந்த வருடம் அதிலும் கை வைத்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மட்டும் போதுமாம். மற்ற வகுப்புப் பிள்ளைகளின் பற்கள் பொறுத்துக்கொள்ளும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வண்டியில் ஒரு டாக்டரம்மா, ஒரு நர்சம்மா, ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு முன்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளும் ஒரு டிரைவர். இவ்வளவுதான் படை.

ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் வேலைக்கு ஒரு குறுக்குவழி தானாகவே முளைக்கும். ஊசி போட்டால் அந்தப் பக்கம் மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேலை ஓடாது. அதனால் பல் பிடுங்க வேண்டிய பிள்ளைகளுக்கு மொத்தமாக ஊசியைப் போட்டு, சட்டையில் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துவிடுவார்கள். கீழ்ப்பல்லுக்குப் பச்சை, மேல்பல்லுக்கு மஞ்சள். வலதுபக்கத்துப் பல் என்றால் ஸ்டிக்கரும் வலதுபக்கக் காலரில். பிறகு நர்சம்மா வண்டிப் படியில் நின்று "அடுத்து" என்பாள். வரிசையில் முதலில் இருப்பது எழுந்து வரும். நாற்காலியில் சாய்த்ததும் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"உதடு மரத்துப்போச்சா?"

ஆமாம் என்று பிள்ளை சொன்னால், மழுங்கின கம்பியால் ஈறில் ஒரு குத்து குத்திப் பார்ப்பாள். முகம் சுளிக்காவிட்டால் குறடு டாக்டரம்மாவின் கைக்குப் போகும். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இப்படித்தான் செய்தார்கள், ஒரு குறையும் வந்ததில்லை.

சின்னவன் ஒன்றாம் வகுப்பு. கீழே வலதுபக்கம், பின்னாலிருக்கும் பால் பல்லில் ஒரு பெரிய பொந்து, பக்கத்து ஈறில் கொப்புளம். சில வாரங்களுக்கு முன்னால் அந்தப் பல்லை வைத்துக்கொண்டு வீட்டையே ஒரு வழி பண்ணியிருந்தான். அப்புறம் வலி நின்றுவிட்டது. தானாகச் சரியாகிவிட்டது என்று அவன் அம்மா நினைத்தாள். உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அவளுக்கு யார் சொல்வது? டாக்டரம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்தவுடன் முகம் மாறினாள்.

"இதை இன்னைக்கு எடுத்தே ஆகணும். சீழ் கீழ எறங்கியிருக்கு. விட்டுவச்சா தாடைக்கு அடியில போய்க் கழுத்த அடைச்சிரும்" என்று நர்சம்மாவிடம் சொன்னாள்.

ஊசியைப் பார்த்ததும் சின்னவன் போட்ட கூச்சலில் மூன்று வகுப்புகளில் பாடம் நின்றது. டிரைவர்கூட எழுந்து வந்து பார்த்தார். ஒரு வழியாகப் பிடித்து அமுக்கி ஊசியைப் போட்டு, பச்சை ஸ்டிக்கரை ஒட்டிப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் ஓடப் பார்த்தான். அவன் டீச்சர் நான்காம் வகுப்புக்கு ஆள் அனுப்பினாள். அங்கே அவன் அண்ணன் இருந்தான்.

"உன் தம்பியக் கொஞ்சம் புடிச்சு உக்கார வைடா. உனக்கு மட்டும்தான் அடங்குவான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் தன் வகுப்புக்கு ஓடினாள். அங்கே கூரை பறந்துகொண்டிருந்தது.

பெரியவன் வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லாத சோனி. சின்னவனோ உருண்டை. எழுந்து நின்றால் அண்ணன் கொஞ்சம் உயரம், உட்கார்ந்தால் அதுவும் தெரியாது. அவர்கள் அப்பா இருவருக்கும் தலைமுடியை ஒரே மெஷினால் ஒரே அளவில் ஒட்ட வெட்டிவிடுவார். சட்டையும் நிக்கரும் ஒரே நிறம். இருவர் வாயிலும் ஒரே இனிப்பு, ஒரே பிஸ்கட், ஒரே சோம்பல். அதனால் பெரியவனுக்கும் அதே பக்கம், அதே இடத்தில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. நான்காம் வகுப்பு இந்த வருடக் கணக்கில் இல்லாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

"அண்ணா, கொறடு இவ்ளோ பெருசாம்." சின்னவனின் பேச்சு ஏற்கெனவே குழறத் தொடங்கியிருந்தது.

"யாருடா சொன்னா?"

"மூக்கொழுகி சொன்னான். புடுங்குறப்போ மூளை வரைக்கும் இழுக்குமாம்."

"அவனுக்கு மூளையே கெடையாது, அவன் சொல்றான்."

"எனக்கு வேணாம்ணா. நான் வீட்டுக்குப் போறேன்."

பெரியவன் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். வண்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை அலறியது. சின்னவனின் உடம்பு தூக்கிப்போட்டது. அவன் நிக்கர் நனைந்திருப்பதை அப்போதுதான் பெரியவன் கவனித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்து மறைத்துக்கொண்டான்.

அவன் யோசித்தான். ஒன்பது வயதில் யோசிக்கக்கூடியதை எல்லாம் யோசித்தான். பால் பல்தானே. தனக்கும் முன்னால் நான்கைந்து விழுந்து முளைத்திருக்கிறது. இவனுக்கும் தானாக விழுந்துவிடும். வலிகூட நின்றுவிட்டது. ஆனால் வண்டிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அவர்களுக்கு இந்த ஸ்டிக்கருக்கு ஒரு பல் வேண்டும்.

"டேய், அவங்களுக்கு ஒரு பல்லு வேணும். அவ்ளோதான். எனக்கும் அங்கயே ஒண்ணு சொத்தையாத்தான் இருக்கு" என்றான்.

சின்னவன் அவனை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"நான் போறேன். நீ அந்தப் பக்கம் நவுந்து உக்காரு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சொன்னா மறுபடியும் ஊசிதான்."

பச்சை ஸ்டிக்கரை மெல்ல உரித்துத் தன் வலதுபக்கக் காலரில் ஒட்டி, விரலால் அழுத்திவிட்டுக்கொண்டான்.

"அடுத்து" என்றாள் நர்சம்மா.

வண்டிக்குள் மருந்து வாடையும் டீசல் வாடையும் கலந்திருந்தன. நர்சம்மா அவனைச் சாய்த்துக் கழுத்துவரை பச்சைத் துணியைப் போர்த்தினாள். விளக்கைக் கண்ணுக்கு நேராகத் திருப்பினாள். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் ஒரு வாய் மட்டும்தான் இருந்தது. காலையிலிருந்து அவள் அப்படிப்பட்ட வாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதடு மரத்துப்போச்சா?"

பெஞ்சில் உட்கார்ந்தபோது இந்தக் கேள்வியை அவன் காதால் கேட்டிருந்தான். பதிலும் தெரியும்.

"ஆமா."

கம்பி ஈறில் இறங்கியது. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு அவன் ஓரக்கண்ணால் ஒருமுறை வண்டிப் படியைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. எப்படி முடிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று வாய்கூசாமல் சொல்வார்கள். இவனுக்குப் பல்லைக் கடிக்கவும் வழியில்லை, வாயைத் திறந்தல்லவா வைத்திருந்தான்.

குறடு பிடித்தது. டாக்டரம்மா அசைத்தாள், திருகினாள். பால் பல் என்பதால் வேர் பாதி கரைந்திருந்தது, அதனால் சீக்கிரம் வந்துவிட்டது. அந்தச் சீக்கிரத்துக்குள் பெரியவனின் கால்கட்டைவிரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி விரிந்தன. காதுப்பக்கம் கண்ணீர் வழிந்தது.

"கண்ணுல தண்ணி வருதே" என்றாள் டாக்டரம்மா.

"லைட்டு கூசுது மேடம். பிள்ள அசையவே இல்ல பாருங்க, ஊசி நல்லாப் புடிச்சிருக்கு."

டாக்டரம்மா பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வேரில் சீழ் இல்லை. ரத்தத்திலும் அந்த நாற்றம் இல்லை. ஒரு நிமிடம் அவள் புருவம் சுருங்கியது. "இந்தப் பையனுக்குத்தான..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வெளியே ஒரு பெண்பிள்ளை படியில் ஏறமாட்டேன் என்று உருண்டு புரண்டது, நர்சம்மா பிடிக்க ஓடினாள், கேள்வி பாதியிலேயே நின்றுபோனது. அந்தக் கேள்வியை முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அவள் கெட்டவள் இல்லை என்பதுதான் ஆத்திரத்தை இன்னும் கூட்டுகிறது.

"சிங்கக்குட்டி! இன்னைக்கு வந்ததுல அழாத பிள்ள நீ ஒருத்தன்தான்" என்று நர்சம்மா அவன் தலையைத் தடவி, வாயில் பஞ்சை வைத்து அனுப்பினாள். "வாயக் கொப்பளிக்காத. விரல விட்டு நோண்டாத. வீட்லயும் யாரும் தொறந்து பாக்க வேணாம்னு சொல்லு."

சின்னவனுக்கு அன்று மத்தியானம் வேறொரு வேடிக்கை கிடைத்தது. மரத்துப்போன உதட்டைக் கடித்தால் வலிக்கவில்லை. இழுத்தால் ரப்பராக வந்தது. வகுப்பில் உட்கார்ந்து மென்றுகொண்டே இருந்தான். பள்ளிக்கூடம் விடும்போது உதடு வீங்கி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அவர்கள் அம்மா தையல் கம்பெனியில் காலர் வைக்கும் மெஷினில் வேலை செய்தாள். ஷிப்ட் முடிந்து பள்ளிக்கூட வாசலில் மூச்சிரைக்க நின்றபோது டீச்சர் சொன்னாள்:

"புடுங்கியாச்சும்மா. இன்னைக்கு வாயத் தொறந்து நோண்டாதீங்க."

உதட்டைப் பார்த்துப் பதறி, அவள் வண்டிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். நர்சம்மா பொறுமையாகத்தான் பதில் சொன்னாள். "மரத்துப்போனது தெரியாம கடிச்சிருப்பான். நெறைய பிள்ளைங்க பண்றதுதான். வீங்கும், அப்புறம் வடிஞ்சிரும். ஐஸ் ஒத்தடம் குடுங்க."

மறுநாள் வீக்கம் உதட்டோடு நிற்காமல் கன்னத்துக்கு ஏறியது. அதற்கடுத்த நாள் காய்ச்சல். தாடைக்கு அடியில் கல்லுப்போல இறுகியது. அவனால் வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருந்த அவன் அப்பா போனில் கத்தினார். "பல்லப் புடுங்கினா வீங்காம பின்ன என்ன பண்ணும்? நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் ஒப்பாரி."

அம்மா மறுபடி நர்சம்மாவைக் கூப்பிட்டாள். அவள் அப்போது வேறொரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினாள்.

"வாய் தொறக்க முடியலன்னா, ஊசி போட்ட எடத்துல தசை இறுகியிருக்கும்மா. கீழ்ப்பல்லு ஊசிக்கு அப்படி ஆகும். காய்ச்சல் மருந்து குடுங்க. நாளைக்கும் கொறயலன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

பிடுங்கின பல்லுக்கு அவள் சொன்னதெல்லாம் சரி. ஒரு வார்த்தையில்கூடக் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பல்தான் உள்ளேயே இருந்தது.

பெரியவன் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டான். விழுந்து முளைக்கிற வயதுப் பையனின் வாயில் ஒரு பல் இல்லாததை எந்த வீட்டில் கவனிப்பார்கள்? சாயங்காலம் தம்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு காதோடு கேட்டான்.

"சொல்லிரட்டுமாடா?"

வேண்டாம் என்று சின்னவன் பதறித் தலையாட்டினான். எச்சிலை விழுங்க முடியாமல் அது தலையணையில் ஒழுகிக்கொண்டிருந்தது. "ஊசி..." என்றான்.

பெரியவன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். அம்மா சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா..."

"சும்மா இருடா, நீ வேற நைநைன்னு." போனைக் கையால் மூடிக்கொண்டு அதட்டினாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

காலையில் சின்னவன் படுக்க மறுத்தான். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்து கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, பெரியவனையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எத்தனை பேர் முன்னால் இருந்தார்களோ, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். டியூட்டியில் இருந்த இளவயது டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பல்லுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். அத அன்னைக்கே வண்டியில வந்து புடுங்கிட்டாங்க."

"அப்ப அது இல்ல" என்றார் டாக்டர் தனக்குத்தானே. பொன்னுக்கு வீங்கியா, கழலையா, எதையாவது விழுங்கிவிட்டானா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்றாள். சின்னவனின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

"பல்லு புடுங்கல."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

"அவனுக்குப் புடுங்கல. எனக்குத்தான் புடுங்கினாங்க. நான்தான் மாறிப் போனேன்."

டாக்டர் அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டார்ச்சை வாங்கி, திறந்த அந்த ஒரு விரல் இடுக்கில் அடித்துப் பார்த்தார். பிறகு கத்தினார். ஆட்கள் ஓடினார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது, சின்னவனை உட்காரவைத்தபடியே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் அண்ணனைத்தான் தேடினான். கதவு சாத்திக்கொண்டது.

வாய் வழியாகக் குழாய் விட இடமில்லை. கழுத்தில் துளை போட்டார்கள். அங்கேயும் எல்லாம் வீங்கி இடம் மாறிக் கிடந்ததால் மூச்சுக்குழாய் அகப்படுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. பெரிய டாக்டர்தான் வெளியே வந்து இதைச் சொன்னார். அப்புறம் ஒரு பால் பல், அம்மா, என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். யாராவது அவரை உட்காரவைத்திருக்கலாம்.

நர்சம்மா தகவல் கேட்டு வந்து சேர்ந்தபோது வராந்தாவில் அம்மா தரையில் இருந்தாள். நர்சம்மாவின் கண் பெரியவன்மேல் விழுந்தது. அந்த வாயை இல்லை, அந்த முகத்தை அவள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். "பேரக் கேட்டிருக்கலாம். பேரு என்னடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அழுதாள். அவளை யாரும் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

மத்தியானம் அப்பா வந்தார். எவனோ ஒருவன் பாதி வழியில் அவருக்கு முழு விஷயத்தையும் போனில் சொல்லியிருந்தான். வந்தவர் நேராகப் பெரியவனிடம் போனார்.

"வாயில என்னடா அடைச்சிருந்துச்சு? மூணு நாளா வீட்லதான இருந்த? ஒரு வார்த்த சொல்ல முடியலயாடா உன்னால?"

கை ஓங்கியது. பெரியவன் விலகவில்லை. அடிக்காகக் காத்திருப்பவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டான். தரையிலிருந்து அம்மா எப்படி எழுந்தாளோ, இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

"அவன் எங்கிட்ட சொல்ல வந்தான். நான்தான் வெரட்டினேன். அடிக்கணும்னா என்னை அடிங்க."

அப்பாவின் கை இறங்கியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, பெரிய ஆண்பிள்ளை அழக்கூடாத சத்தத்தில் அழுதார்.

அம்மா பெரியவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வாயத் தொற."

அவன் திறந்தான். கீழே வலதுபக்கம் ஒரு குழி. ஓரம் சிவந்து, நடுவில் கறுத்து, இன்னும் சரியாக ஆறாமல் இருந்தது. மூன்று நாளும் அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான். அதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஊசி போடாமலா புடுங்கினாங்க?"

"ஊசி அவனுக்குப் போட்டாச்சு."

"வலிச்சுதாடா?"

ஆமாம் என்று அவன் தலையாட்டினான்.

"ஏன்டா அழாம இருந்த? ஒரு சத்தம் போட்டிருந்தா விட்டிருப்பாங்களே, தெரிஞ்சிருக்குமே. ஏன்டா சாமி, ஏன் அழல நீ?"

"தம்பி படியில ஏறி நின்னு பாத்துட்டு இருந்தாம்மா. நான் அழுதா அவன் பயந்துருவான்."

அம்மா அவன் வாயைத் தன் கையாலேயே மூடினாள். இறுக்கி அணைத்துக்கொண்டாள். இப்போதாவது அழு, அழுடா, என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அழவில்லை.